கோழிக்குக் குளிர்ந்த தண்ணீர்

கத்திரி வெயிலில் கோழி தண்ணீர் குடிக்காது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அறுபது கோழிகளை வைத்து மாரடித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் இருக்கும். ஆனால் காலை பத்து மணிக்கு மேல் அது சூடேறிவிடும். கோழி வந்து அலகை வைத்துப் பார்க்கும், தலையை உதறிக்கொண்டு போய்விடும். அப்புறம் வாயைத் திறந்து, இறக்கையை அகட்டி, நின்ற இடத்திலேயே இரைக்கும். சாயங்காலத்துக்குள் ஒன்றிரண்டு சாய்ந்துவிடும். அதனால் மணிக்கு ஒரு தடவை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடிபம்பில் அடித்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற ஆள் நான்.

மின்சாரவியலில் டிப்ளமோ முடித்தவள், வகுப்பில் முதலாவதாக வந்தவள், இருபத்து நாலு வயதில் கோழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊருக்குள் எங்களுக்கு வீடு இருந்தது, பூட்டிக் கிடந்தது. நானும் அப்பாவும் இருந்தது வயலுக்கு நடுவே ஒரு கீற்றுக் கொட்டகையில். அம்மா நான் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூரில் இருந்தான். வயல் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். எங்களுக்குச் சொந்தமில்லை, குத்தகை. மூன்று தலைமுறையாக உழுத நிலம். கும்பகோணத்தில் இருந்த நிலத்துக்காரர் அதை மனை போட்டு விற்க ஆசைப்பட்டார். குத்தகைக்காரர் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார், நிலம் என் கையில்தான் இருக்கிறது என்று கோர்ட்டில் கேஸ் போட்டார். போகவில்லை என்று காட்டுவதுதான் எங்கள் வேலை.

எங்கள் வக்கீல் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னார். "நெல்லு நிக்கிற மாசத்துல பயமில்லைங்க. ஆத்துல தண்ணி வராத மாசத்துல நெலம் சும்மா கெடந்துச்சுன்னா, ஒரே ராத்திரியில கல்லு நட்டுடுவான். எப்பவும் அங்க ஏதாவது உசுரோட இருக்கணும்."

அப்படி வந்தவைதான் கோழிகள். அவற்றோடு உயிரோடு இருந்த மற்ற இரண்டு பேர் நானும் அப்பாவும்.

குத்தகை விவசாயி மேல் கை வைக்க விடமாட்டோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் ஊர் மேடையில் தொண்டை கிழியப் பேசுவார்கள். நிலத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஜெயித்த கட்சிக்காரர் முதல் வரிசையிலும் தோற்ற கட்சிக்காரர் இரண்டாம் வரிசையிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்சி மாறினால் வரிசை மாறும். அவ்வளவுதான்.

கேஸ் நடக்கும்போதே வயலைச் சுற்றி மூன்று பக்கமும் நிலத்துக்காரரின் ஆட்கள் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார்கள். பக்கத்து நிலங்களையெல்லாம் அவரே வாங்கிவிட்டார், கேட்க முடியாது. நாலாவது பக்கம் வாய்க்கால். அதன் கரை ஒன்றுதான் எங்களுக்கு வழி. அந்தக் கரையிலும் தினம் இரண்டு தடவை நிலத்துக்காரரின் ஏஜெண்ட் மோட்டார் சைக்கிளில் வந்து, வண்டியை நிறுத்தாமல், காலை மட்டும் தரையில் தேய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். கொடியில் துணி காய்கிறதா, அடுப்பு புகைகிறதா, ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார். நாங்களும் காட்டுவதற்காகவே துணியைத் துவைத்துக் காயப்போடுவோம். காய்ந்த துணியை மறுபடி நனைத்துப் போட்ட நாட்களும் உண்டு.

மின்சாரம் கிடையாது. பம்ப்செட்டுக்கு இருந்த இணைப்பு நிலத்துக்காரர் பெயரில் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்துத் துண்டித்துவிட்டார். புது இணைப்புக்கும் அவர் கையெழுத்துத்தான் வேண்டுமாம்.

இந்த நிலைமையில் எனக்கு வேலை கிடைத்தது. சென்னைக்கு அந்தப் பக்கம் சுவிட்ச் போர்டு செய்கிற கம்பெனி. நேர்முகத் தேர்வுக்கு அப்பாவிடம் பல் வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் நாலு கோழி செத்திருந்தது. ஒரு மாதத்தில் வந்து சேரவும் என்று கடிதம் வந்தபோது அதை அப்பாவிடம் நீட்டினேன். படித்தார். மடித்தார். கொட்டகையின் கீற்றில் செருகினார்.

"போ, வேணாங்கல. கோழிக்குத் தண்ணி யாரு ஊத்தறது?"

அப்பாவுக்கு முழங்கால் வலி. அடிபம்பில் இருபது அடி அடித்தால் உட்கார்ந்துவிடுவார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்பது அறுபது கோழியின் தாகம் என்று நினைத்தபோது எனக்கு அழுகைக்குப் பதில் சிரிப்புதான் வந்தது. கோழிப் பிரச்சினைதானே, அது வெறும் தண்ணீர்ப் பிரச்சினை. அதை நான் தீர்த்துக்காட்டுகிறேன் என்று மனசுக்குள் சவால் விட்டேன்.

பாபநாசத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கம்பெனிக்கு மெயில் அனுப்பப் போன இடத்தில், மிச்சமிருந்த நேரத்துக்கு, கோழித் தண்ணீர், சூரிய மின்சாரம் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தேன். வந்து கொட்டியதெல்லாம் தலைகீழாக இருந்தது. ஏதோ குளிர் நாட்டில் பனிக்காலத்தில் கோழித் தண்ணீர் கல்லாக உறைந்துபோகுமாம். அந்த ஊர் விவசாயிகள் வெயிலைப் பிடித்து அதை உறையாமல் காப்பாற்றுகிறார்களாம். படத்தில் ஒரு பெண் முழங்கால் உயரப் பனியில் கம்பளிக் குல்லாயோடு நின்று சிரித்தாள். எனக்கு வியர்வை மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. உனக்குத் தண்ணீர் உறைகிறது, எனக்குக் கொதிக்கிறது, உன் கஷ்டத்தைக் கொஞ்சம் இங்கே அனுப்பேன் என்று அவளிடம் சொல்லத் தோன்றியது.

ஆனால் அவர்களில் ஒருவர் செய்திருந்த காரியம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தண்ணீரைச் சூடாக்க அவர் மெனக்கெடவே இல்லை. சின்ன சோலார் பேனல், சின்ன மோட்டார். தரைக்கடியில் புதைத்த தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்து, கோழி குடிக்கும் இடத்தில் ஓடவிட்டு, மறுபடி தரைக்கடிக்கே அனுப்பியிருந்தார். மண்ணுக்குள் குளிர் இறங்காது, ஓடுகிற தண்ணீர் சுலபத்தில் உறையாது என்று எழுதியிருந்தார். மண்ணுக்குள் குளிர் இறங்காது என்றால் வெயில் மட்டும் இறங்குமா? எங்கள் ஊருக்கும் அதே மண்தானே. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து அதை அச்செடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

கும்பகோணம் காயலான் கடையில் ஒரு மூலையில் விரிசல் விட்ட பேனல் ஒன்று கிடைத்தது. பூச்சிமருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் பழுதானது எல்லார் வீட்டுக் கொல்லையிலும் கிடக்கும். அதற்குள் இருக்கிற பன்னிரண்டு வோல்ட் மோட்டாரைக் கழற்றினேன். பூவரச மரத்து நிழலில் குழி வெட்டி, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றை இறக்கி, அடியைப் பூசித் தொட்டியாக்கினேன். அங்கிருந்து முழ ஆழத்தில் ஹோஸ் புதைத்துக் கோழிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கொட்டகைக்குள் வாய்க்கால் மாதிரி வைத்தேன். லேசான சரிவு. குடித்த மிச்சம் ஒரு மண்சட்டியில் போட்ட கரியிலும் மணலிலும் வடிந்து தொட்டிக்கே திரும்பும்.

முதல் மோட்டார் ஒரே மதியத்தில் கருகியது. உச்சி வெயிலில் பேனல் தரும் வோல்ட்டேஜை அது தாங்காது என்பது வகுப்பில் முதலாவதாக வந்தவளுக்குத் தோன்றவில்லை. இரண்டாவது மோட்டாருக்கு முன்னால் வோல்ட்டேஜை அடக்குகிற சின்ன போர்டு ஒன்று பற்றவைத்துப் போட்டேன். அது ஓடியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், பேட்டரியே தேவைப்படவில்லை. வெயில் ஏற ஏற மோட்டார் வேகமாக ஓடும், தண்ணீர் வேகமாகச் சுற்றும். வெயில் தணிந்தால் அதுவும் தணியும். கோழிக்கு எப்போது வேண்டுமோ அப்போது வேண்டிய அளவு. மதியம் ஒரு மணிக்குக் கையை வைத்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. ஒரு கோழி வந்தது, குடித்தது, கழுத்தைத் தூக்கி விழுங்கியது, மறுபடி குடித்தது.

அப்பா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ கை வெக்காம ஓடுமா?"

"ஓடும்ப்பா. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தொட்டியில நாலு கொடம் ஊத்துனா போதும். அத நீங்களே ஊத்தலாம்."

"சரி. ஒரு வாரம் நீ கை வெக்காத. ஓடுச்சுன்னா நீ கெளம்பு. நான் தடுக்கல."

அப்பா வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். நான் அன்றிலிருந்து கோழிக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நாங்கள் இருந்த கொட்டகை வாசலில் உட்கார்ந்து, காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகிற சுடிதாருக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் ஓடியது. மூன்றாம் நாள் மோட்டார் சத்தம் கம்மிப்போனது. ஓடிப்போய்ப் பார்க்கக் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேகம்தான், விலகியதும் சத்தம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் இரவு பையை எடுத்துத் தூசி தட்டினேன்.

ஆறாம் நாள் காலையில் கமிஷனர் வந்தார். போலீஸ் கமிஷனர் இல்லை. நிலத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுக்கக் கோர்ட் அனுப்புகிற வக்கீல். சின்ன வயசு. குடையும் ஃபைலுமாக வரப்பில் தடுமாறி வந்தார். பின்னாலேயே எங்கள் வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், போட்டோ எடுப்பவர், அந்த ஏஜெண்ட். கமிஷனர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். கொடித் துணியை எண்ணினார். பூவரச மரத்தின் சுற்றளவைக்கூட எழுதிக்கொண்டார். கடைசியில் கோழிக் கொட்டகைக்கு வந்து நின்றவர், ஓடுகிற தண்ணீரைப் பார்த்து வியந்துபோனார்.

"யாருங்க போட்டது இது? பையனா?"

"பொண்ணு சார்" என்றார் அப்பா.

ஏஜெண்ட் சிரித்தார். "அந்தப் பொண்ணா? கடையில ரெடிமேடா விக்கிறான் சார், வாங்கி மாட்டியிருப்பாங்க. அதுவா ஓடுது பாருங்க. தண்ணிய ஓட விட்டுட்டு இவங்க ஊருக்குள்ள போய்ப் படுத்துக்கறாங்க. இங்க ஆளு கெடையாதுங்கறதுக்கு இதவிட என்ன சார் வேணும்?"

இரண்டு விஷயம் சொன்னார். ஆள் கிடையாது என்றது நிலத்துக்கு வைத்த வெடி. கடையில் வாங்கியது என்றது எனக்கு. நிலத்தைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன் என்று பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. நிலம் அப்போது என் நினைப்பிலேயே இல்லை. கடையில் வாங்கியதாம். கருகிப்போன மோட்டாரும், கையில் பட்ட பற்றவைப்புச் சூடும், குழி வெட்டிக் கொப்புளித்த உள்ளங்கையும் என் கண்முன்னால் வந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நான் செஞ்சது சார்" என்றேன். ஒயரைப் பிடுங்கினேன். தண்ணீர் நின்றது. மறுபடி செருகினேன், ஓடியது. போர்டைத் திறந்து காட்டினேன். எது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கமிஷனர் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்கக் கேட்க எனக்கு ஏறிக்கொண்டே போனது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"அதுவா ஓடுதுன்னு யாரு சொன்னா? மணிக்கு ஒரு தடவ பேனல வெயிலப் பாத்துத் திருப்பணும் சார். வடிகட்டிய அலசணும். வோல்ட்டேஜப் பாக்கணும். என் கை படலன்னா ஒரு நாள்கூட ஓடாது."

அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆறு நாளாக என் கை படாமல் ஓடுவதை உட்கார்ந்து எண்ணியவர் அவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கமிஷனர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போட்டோக்காரர் என்னைப் பேனல் பக்கத்தில் நிற்கவைத்து இரண்டு படம் எடுத்தார். நான் சிரித்திருக்கிறேன் அதில்.

அவர்கள் போனபின் எங்கள் வக்கீல் மட்டும் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல்.

"பெரியவரே, கேஸ் நம்ம கையில. இனிமே இந்தப் பொண்ணுதான் கேஸே. மணிக்கு ஒரு தடவ இங்க நின்னு வேல பாக்கற ஆளுன்னு ரிப்போர்ட்லயே வந்துடும். கூண்டுல ஏறி அதச் சொல்ற வரைக்கும் பாப்பாவ எங்கயும் அனுப்பிடாதீங்க. வெளியூர்ல வேல பாக்குதுன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சா ரிப்போர்ட் குப்பைக்குப் போயிடும்."

அவர் வரப்பில் நடந்து மறைகிற வரைக்கும் நின்றேன்.

"அப்பா, நாளைக்கி ஏழாவது நாளு."

"தெரியும்."

"நீங்க சொன்னீங்க, தடுக்கலன்னு."

"நான் இப்பவும் தடுக்கலம்மா. நீதான் சொன்ன, ஓடாதுன்னு."

அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு பையோடு கிளம்பியிருப்பேன். போயிருந்தால் ரிப்போர்ட் பொய்யாகும், நிலம் போகும், அப்பா அந்தப் பூட்டிய வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஏழாம் நாளும் தண்ணீர் ஓடியது. நான் போகவில்லை. சேர வேண்டிய தேதியும் வந்து, போனது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஏஜெண்டிடம் ரிப்போர்ட்டின் நகல் இருந்தது. காலையும் மாலையும் மட்டும் வந்துகொண்டிருந்தவர், பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வர ஆரம்பித்தார். கரையில் வண்டியை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்ப்பார். மணிக்கு ஒரு தடவை நான் பேனலைத் திருப்புகிறேனா என்று பார்ப்பார். அந்தப் பேனல் திரும்பவே திரும்பாது. சிமெண்டில் நட்டிருந்தேன். இரண்டாவது நாள் ராத்திரியே சிமெண்டை உடைத்து, சுழலுகிற மாதிரி ஒரு இரும்புக் குழாய் வைத்து மாற்றினேன். தேவையே இல்லாத ஒரு வேலைக்காக என் சொந்தக் கையால் அத்தனை அழகாக ஒரு ஏற்பாடு செய்தேன். அதிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிழக்கே திருப்பி, மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே கொண்டுவருவேன். முன்பு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றினேன், கோழியாவது குடித்தது. இப்போது மணிக்கு ஒரு தடவை பொய்யைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். ஒரு மாப்பிள்ளை ஓசூரில், ஒருவர் துபாயில். கேஸ் முடியட்டும் என்று அப்பா சொன்னார். வாய்தா மேல் வாய்தா. நீதிபதி மாறினார், ஆட்சி மாறியது, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஒரு வருஷம் ஓடியது. கோழிகள் பெருகின, விற்றோம், மறுபடி பெருகின. கோடையில் ஒன்றுகூடச் சாகவில்லை. சுற்றுப்பட்டில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாலைந்து பேர் அதேபோல் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் யாரும் பேனலைத் திருப்புவதில்லை. நான் சொல்லித்தான் கொடுத்தேன், திருப்ப வேண்டாம் என்று.

ஆறு வருஷம் கழித்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமானவர். நிலத்தின் எல்லை, கொட்டகையின் வயது எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டார்.

"அந்த மோட்டார் நீங்க இல்லாட்டியும் ஓடும்தானேம்மா?"

ஓடும் என்று சொன்னால் போதும். நிலம் போகும், நான் போகலாம். இரண்டும் ஒரே வார்த்தையில் இருந்தன. பெஞ்சில் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை கோபத்தில் சொன்னேன், ஆணவத்தில் சொன்னேன். இந்தத் தடவை அந்த இரண்டும் இல்லை.

"ஓடாதுங்க" என்றேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நிலத்துக்காரர் அப்பீலுக்குப் போவார், அது வரைக்கும் எதையும் மாற்றாமல் அப்படியே இருங்கள் என்றார் வக்கீல். நானும் அப்பாவும் கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறினோம். பாபநாசம் வருவதற்கு முன்னால் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கிக் கூண்டுல ஓடும்னே சொல்லியிருக்கலாம்மா நீ."

எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், கமிஷனர் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற இதே மனிதர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே என்று கத்த வாயெடுத்தேன். அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, கரையோடு இரண்டு பேரும் நடந்தோம்.

மணி மூன்றாகியிருந்தது. நான் கூண்டில் சாட்சி சொன்னதிலிருந்தே ஏஜெண்ட் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டிருந்தார். கரையில் ஈ காக்கை கிடையாது. நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் போய், பேனலை மேற்கே திருப்பி வைத்தேன்.